இருபத்தைந்தில் ஒரு பங்கு

என் நாத்தனார் அந்த டப்பாவை என் கையில் கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மோதிரம் வைக்கிற டப்பா. என்னுடையதுதான், ரெண்டு வருஷம் முன்னால் காலியானது. காலி டப்பாவைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. வீட்டில் அலமாரி முழுக்கச் சேர்த்து வைத்திருக்கிறேன், அதற்காக எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். இப்போது டப்பாவுக்குள் ஒரு கண்ணாடித் தகடு, தகட்டின் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு படிகம். மெல்லிசு என்றால் அப்படியொரு மெல்லிசு. சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் அங்கே ஏதோ இருக்கிறது என்பதே தெரியும்.

“அண்ணி, இது ஒண்ணுதான் இருக்கு. பாத்து.”

“ஏன், நான் என்ன தூக்கிப் போட்டுப் பிடிச்சு விளையாடவா போறேன்?”

எனக்கு இப்படித்தான் பேச வரும். அன்பாகச் சொல்ல நினைத்தாலும் வாய்க்கு வருவதற்குள் அது சண்டையாகிவிடும். அவளுக்குப் பழகிவிட்டது, சிரித்துக்கொண்டே படியேறிப் போனாள்.

அவளை எல்லோரும் உப்பு என்றுதான் கூப்பிடுவோம். ஏழு வயதில் டம்ளரில் உப்புத் தண்ணீர் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு, ஜன்னலோரம் வைத்து, யாராவது தொட்டால் கத்தி ஊரைக் கூட்டுவாளாம். இப்போது முப்பத்தொரு வயது. டம்ளரும் நூலும் போய் உலையும் குழாயும் வந்துவிட்டன, குணம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. இருவருக்கும் ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. அவள் மூன்றாவது மாடியில் படிகம் வளர்க்கிறாள். நான் தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஓர் அறையில் ஒளி செய்கிறேன். அந்தப் படிகத்துக்குப் பதினோரு மாதம் பிடித்தது. எட்டு வெடித்துப்போய், ஒன்பதாவதாக உருப்படியாக வந்தது இது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கமிட்டி கூடப்போகிறது. ஒரே ஒரு நிரந்தர வேலை காலி. உப்பின் ஒப்பந்தமோ மாதக் கடைசியோடு முடிகிறது. அவளுடைய படிகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி போனால், மூன்று மூன்று ஒளித்துகளாகச் சேர்ந்து ஒவ்வொரு பச்சைத் துகளாக வெளியே வரும். அந்தப் பச்சை எவ்வளவு வருகிறது என்று எண்ணிக் காட்டிவிட்டால் வேலை அவளுக்கு. காட்ட முடியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சாதாரண லேசரை முடுக்கினால் பச்சை வரும், கூடவே படிகமும் கருகிவிடும். அதனால்தான் என்னுடைய ஒளியைத் தேடிக் கீழே வந்தாள்.

என்னுடைய ஒளி கொஞ்சம் விசித்திரமானது. லேசர் என்பது ஒழுங்காகத் திறந்துவிட்ட குழாய். ஒரு துடிப்பு எப்படியோ அடுத்த துடிப்பும் அப்படியே. நான் ஆரம்பிப்பது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து. ஒன்றுமில்லாத இருட்டு சும்மா இருப்பதில்லை, அதற்குள்ளே ஒரு சின்ன நடுக்கம் எப்போதும் உண்டு. பலமான லேசர் ஒன்றை ஒரு தடித்த படிகத்துக்குள் விட்டால், அது அந்த நடுக்கத்தைப் பிடித்து ஊதி ஊதிப் பெரிதாக்கிவிடும். வெளியே வருவது நிஜமான ஒளி, பலமான ஒளி. ஆனால் அதற்கு விதை என்று யாரும் எதையும் போடவில்லை. இந்த வேலைக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும், அறை விளக்கை அணைத்துவிட்டு அதை நினைத்தால் எனக்கு உடம்பு லேசாகிவிடும். சில நாள் நாற்காலியில் உட்கார்ந்து அப்படியே மிதந்துகொண்டிருப்பேன்.

இன்னொரு விஷயம், இந்த ஒளியில் எந்த இரண்டு துடிப்பும் ஒன்றுபோல இருக்காது. பெரும்பாலும் ஒன்றுமே இல்லாததுபோல வரும். எப்போதாவது ஒன்று வரும் பாருங்கள், அம்மாடி! எங்கள் அத்தை மாதிரி. அத்தை என்றால் உப்பின் அம்மா, என் மாமியார். ஒன்பது நாள் வாயே திறக்க மாட்டார். பத்தாவது நாள் ஒன்பது நாளுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வோம். சராசரி எடுத்தால் அத்தை ரொம்பச் சாது.

மூன்று துகள்கள் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டிய வேலைக்கு அந்தப் பத்தாவது நாள்தான் தேவை. அதே சராசரியில் சாதாரண லேசரைவிட இது பதினைந்து மடங்கு பச்சை தரும் என்று கணக்குப் போடுகிறவர்கள் எழுதியிருந்தார்கள். நான் அளந்து பார்த்தேன். இரண்டு மடங்குதான் வந்தது. கண்ணால் பார்த்ததை நம்புவேனா, காகிதத்தில் எழுதினதை நம்புவேனா? ‘பதினைந்தெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்’ என்கிற தோரணையில் ஒரு கட்டுரை எழுதினேன். எங்கள் துறைத் தலைவர் பெயரும் என் பெயரும் போட்டு வெளிவந்தது. அதற்குப் பரிசாகத்தான் இந்த அறையே எனக்குக் கிடைத்தது. இரண்டு மடங்கானாலும் உப்புக்குப் போதும் என்று நினைத்தோம்.

பத்தே முக்காலுக்குத் தகட்டைப் பொருத்தி, சோதனைப் பெட்டியை மூடி, விளக்கை அணைத்தேன். வெளியே நல்ல வெயில். உள்ளே எனக்கு மட்டும் தனியாக ஓர் இரவு. சராசரி ஒளியைப் படிகம் தாங்கும் அளவில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு வைத்தேன். இருபத்தைந்தில் ஒரு பங்கு! பாலாடையைக்கூடக் கிழிக்காது. நொடிக்கு ஆயிரம் துடிப்பு போய்க்கொண்டிருந்தது. திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன, ரொம்ப மங்கலாக, ஆனால் நிச்சயமாக. லேசரைக் குளிர்விக்கிற பம்பு முனகும் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது. நேரம் போனதே தெரியவில்லை. இதை உப்பு பார்த்தால் குதிப்பாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இருபத்தொன்பதாவது நிமிஷம் திரை கறுத்துவிட்டது.

கேபிளைப் பார்த்தேன், கண்ணாடிகளைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் தகட்டைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். படிகத்தின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை, ஓரம் கறுத்து. ஐயோ, பதினோரு மாசம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

போன் செய்ததும் உப்பு இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கி வந்தாள். நுண்ணோக்கியில் ரொம்ப நேரம் குனிந்திருந்தாள்.

“எவ்ளோ வெச்சீங்க அண்ணி?”

“நீ சொன்ன அளவுல இருபத்தஞ்சுல ஒரு பங்கு. மீட்டரை நீயே பாரு.”

பார்த்தாள். பதிவேட்டையும் பார்த்தாள். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“அப்போ என் படிகம்தான் சரியில்ல. தாங்கும்னு நான்தான் பெருசா எழுதிக் கொடுத்தேன்.” இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“அப்படியெல்லாம் இல்லடி,” என்று முதுகைத் தடவினேன். தடவிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. தப்பு என்னுடையது இல்லை. மீட்டர் சாட்சி. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் வந்தது உண்மை.

அன்று மாலை உப்பு சாப்பிட வரவில்லை, தலைவலி என்று படுத்துவிட்டாள். அத்தை வழக்கம்போல மௌனம். என் வீட்டுக்காரர் மட்டும் பேசிக்கொண்டே சாப்பிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக், தினமும் ஒரு கதை இருக்கும்.

“இன்னைக்கு ஒரு பில்டிங் ஓனர் என்கிட்ட மல்லுக்கு நிக்கிறான். சராசரியா நாலு பேர்தான் ஏறுறாங்களாம், எதுக்கு இவ்ளோ தடி கயிறுன்னு கேக்குறான். நான் சொன்னேன், சராசரிக்குக் கயிறு அறாது சார். என்னைக்கோ ஒருநாள் எவனாவது பீரோவை ஏத்துவான், அன்னைக்குத்தான் அறும்னு.”

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“என்னங்க சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க.”

“உன்னை ஒண்ணும் சொல்லலையே!” என்று அவர் பயந்துபோனார்.

பீரோ. என் ஒளியில் பீரோ வரும் என்பது எனக்குத் தெரியாதா? அத்தை கதையை நானே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் இரண்டு வருஷமாக என் திரையில் சராசரியைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஒரு துடிப்பைக்கூட நான் பார்த்ததில்லை. ஏன் பார்த்ததில்லை என்று ஒருநாள்கூடக் கேட்டதும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். அளவுகளைச் சேகரிக்கிற கம்ப்யூட்டர் நிரலைத் திறந்து மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நாற்பதாவது வரியில் இருந்தது. ஒரு துடிப்பு சராசரியைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் கணக்கில் சேர்க்காதே, திரையிலும் காட்டாதே. பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று ஒரு குறிப்பு. எழுதியது சாட்சாத் நானேதான். இந்தச் சோதனையைத் தொடங்கின முதல் வாரம், சாதாரண லேசரை வைத்து எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அது அடிக்கடி விக்கல் எடுத்தது. லேசரில் மூன்று மடங்கு துடிப்பு வந்தால் அது மெஷின் கோளாறு, வேறு எதுவும் கிடையாது. அதைத் தள்ளிவிட ஒரு வரி போட்டேன். பிறகு ஒளியை மாற்றினேன். வரியை மாற்ற மறந்தேன். அட மண்டூகமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

தள்ளினதை நான் அழித்திருக்கவில்லை. ‘குப்பை’ என்று ஒரு ஃபோல்டர், எல்லாம் அதற்குள் போய் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமையின் குப்பையைத் திறந்தேன். ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் துடிப்புகள். நூற்றுக்கு எட்டு. பச்சையில் பெரும்பங்கும் அந்த எட்டில்தான் குடியிருந்தது. புள்ளிகளைத் திரையில் விரித்தபோது இருட்டு அறை முழுக்கப் பச்சை வெளிச்சம் என் கைமேல், மேஜைமேல், சுவர்மேல் விழுந்தது. கோடைமழைக்கு முந்தின மின்னல்களையெல்லாம் யாரோ பிடித்து ஒரே இடத்தில் கொட்டிவைத்ததுபோல இருந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் பதினான்கரை மடங்கு. கணக்குப் போட்டவர்கள் சொன்னது சரி. உப்பின் படிகம் அவ்வளவையும் ஒழுங்காக மாற்றிக் கொடுத்திருக்கிறது.

கடைசித் துடிப்பு சராசரியைப் போல இருபத்தாறு மடங்கு. அதற்கு வந்த பச்சை, ஒரு சராசரித் துடிப்புக்கு வருவதைப் போலப் பதினேழாயிரம் மடங்கு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அதாவது நான் வைத்த சராசரியைப் போல இருபத்தைந்து மடங்கு வரைக்கும் தாங்கும் என்று அவள் எழுதிக்கொடுத்தாள், இருபத்தைந்து வரைக்கும் தாங்கியிருக்கிறது. எழுதின சொல்லில் அவள் ஓர் இம்மிகூடத் தப்பவில்லை. கருக்கியது என் ஒளி. அதை எனக்கே மறைத்தது என் வரி.

துறைத் தலைவரிடம் போனேன். கெட்டவர் இல்லை, ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம், வம்பு வேண்டாம் என்று நினைக்கிற மனுஷர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏம்மா, இதைக் கமிட்டியில சொன்னா அந்தக் கட்டுரை போச்சு. அந்தக் கட்டுரையை வெச்சுத்தான் உங்களுக்கு அந்த ரூம்.”

“தெரியும் சார்.”

“சோதனையில படிகம் சேதமாச்சுன்னு மட்டும் சொல்லிடுங்களேன். அது பொய் இல்லையே. கட்டுரையை அடுத்த வருஷம் சத்தமில்லாம திருத்திக்கலாம்.”

“அடுத்த வருஷம் அவ இங்க இருக்க மாட்டா சார்.”

“யோசிச்சுப் பாருங்க,” என்றார்.

யோசித்தேன். பெரிய உத்தமி மாதிரி உடனே முடிவெடுத்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் அறையில் போய் விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அறை எனக்கு வேண்டும். அந்த இருட்டு வேண்டும், பம்பின் முனகல் வேண்டும், யாரும் விதை போடாத அந்த ஒளி வேண்டும். படிகம் சேதமானது என்ற ரெண்டு வார்த்தை போதும், அறை என்னிடமே இருக்கும். உப்பு வேறெங்காவது வேலை தேடிக்கொள்வாள், கெட்டிக்காரி. இப்படியெல்லாம் மனசு அழகாகப் பேசியது. ஆனால் மனசு பேசும்போதெல்லாம் அவள் முகத்தை மூடிக்கொண்ட கைதான் கண்முன் வந்தது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

மாடிப்படியில் அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். வரி, குப்பை, இருபத்தாறு, எதையும் விடவில்லை.

“நேத்தே தெரியுமா?” என்றாள்.

“இல்லடி. இன்னைக்குக் காலைலதான்.”

“நேத்து நான் அழுதேனே. என் படிகம்தான் சரியில்லன்னு சொன்னேனே. அப்போ உங்களுக்கு நிம்மதியா இருந்துச்சா?”

நறுக்கென்று கேட்டுவிட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“இருந்துச்சு,” என்றேன்.

விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டாள். அன்று வீட்டிலும் பேசவில்லை. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறி, முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்து போனோம்.

கமிட்டியில் ஐந்து பேர். நீள மேஜை, தண்ணீர்ப் பாட்டில்கள், ஜன்னல் வழியாகக் கண் கூசும் வெயில். உப்பு தன் படிகத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள். முடித்ததும் நான் கையைத் தூக்கினேன். துறைத் தலைவர் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

நாற்பதாவது வரியைத் திரையில் போட்டேன். அடுத்து, அது தள்ளிவிட்ட துடிப்புகள். அடுத்து, அந்தக் கடைசித் துடிப்பு. “இந்தப் படிகம் சொன்ன அளவுக்குத் தாங்கிச்சு. பதினாலரை மடங்கு பச்சை குடுத்துச்சு. அதை எரிச்சது நான். ரெண்டு மடங்குதான்னு நான் எழுதினது தப்பு,” என்றேன். எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது என்பது அன்றைக்கு ஒருநாள் உபயோகப்பட்டது.

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா கேட்டார். “உங்க கட்டுரை முழுக்கத் தப்பா?”

“முழுக்க.”

“ரெண்டு வருஷம் தப்பா அளந்தவங்க நீங்க. அதுவும் இவங்க அண்ணி. வேலை முடிவாகிற அன்னைக்கு வந்து புது எண்ணைச் சொல்றீங்க. இதை மட்டும் நாங்க ஏன் நம்பணும்?”

நியாயமான கேள்விதான். இத்தனை வருஷத்தில் எனக்கு வாயடைத்துப்போனது அன்றுதான். போச்சு, இவளையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. உப்பு எழுந்து நின்றாள்.

“என்னை நம்ப வேண்டாம், அவங்களையும் நம்ப வேண்டாம்,” என்றாள். “எங்க அண்ணி காலி டப்பாவைக்கூடத் தூக்கிப் போட மாட்டாங்க. குப்பைன்னு பேர் வெச்சதையும் ரெண்டு வருஷமா ஒண்ணு விடாம சேத்து வெச்சிருக்காங்க. செவ்வாய்க்கிழமைத் துடிப்பு மொத்தமும் அதுல இருக்கு, கடைசித் துடிப்பு வரைக்கும். நீங்களே உக்காந்து எண்ணிப் பாருங்க. எங்களுக்கு அவசரம் இல்ல.”

எங்களுக்கு என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் எங்களுக்கு என்றாள்.

எண்ணிப் பார்த்தார்கள். எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாவது நாள் உப்புக்குக் கடிதம் வந்தது, வேலை அவளுக்குத்தான். அதே வாரம் எனக்கும் ஒன்று வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்து வேறொரு குழுவிடம் ஒப்படைக்க வேண்டும், எனக்கு இரண்டாவது மாடியில் மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் மேஜை. துறைத் தலைவர் லிஃப்டில் என்னைக் கண்டால் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

மாதக் கடைசி நாள் மத்தியானம் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். உப்பு கதவைத் தட்டிவிட்டு வந்தாள். கையில் ஒரு டப்பா.

“உடைஞ்சு போன எட்டுல ஒண்ணோட துண்டு. தடியா இருக்கும், தாங்கும். போனாலும் பரவால்ல,” என்றாள். “ஒரு தடவை பாக்கணும் அண்ணி. திரையில இல்ல. நேரா.”

துண்டைப் பொருத்தினோம். பெட்டியின் மூடியைக் கழற்றி, அகச்சிவப்பைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் கண்ணாடி ஒன்றை நடுவில் வைத்து, அதற்கு எதிரே ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினேன். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். விளக்கை அணைத்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, அட்டையில் பச்சையாக ஏதோ மூச்சு விடுவது தெரிந்தது. சட்டென்று ஒரு மினுக்கு. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. இரண்டு அடுத்தடுத்து. பிறகு பளீரென்று ஒன்று வந்தது, அந்த ஒரு கணத்தில் உப்பின் மூக்கும் கன்னமும் திறந்த வாயும் பச்சையாகத் தெரிந்து மறைந்தன. அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகவே கண்ணை எடுக்க முடியாமல் நின்றோம்.

இருட்டில் அவள் குரல் கேட்டது.

“அண்ணி, இவ்ளோ நாளா இதையா தள்ளிவிட்டுட்டு இருந்தீங்க?”

“ஆமாண்டி,” என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.